கெழக்கே ஒரு கடை

லாயம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று பெங்களூர் மழை. இன்னொன்று பக்கத்துக் கடைக் கருவாடு. மெட்டில்டாவுக்கு இந்த இரண்டாவது எதிரி வெளியிலிருந்து வரவில்லை. மர்பி டவுனில் அவள் இருந்த வீட்டிலேயே, அவள் தண்ணீர் பிடிக்கிற குழாயிலேயே குடம் வைத்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் பெண்டாட்டி ரெஜினா.

அல்சூர் ஏரிக்கு மேற்கே, வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளைக் கட்டிவைத்த நீளக் கட்டடம்தான் லாயம் மார்க்கெட். குதிரைகள் போய், ஆட்டுக்கறியும் கோழியும் முட்டையும் கீரையும் வந்து உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மெட்டில்டாவின் மாமனார் அங்கே கருவாட்டுக்கடை போட்டவர். ஒரு கடை, இரண்டு பிள்ளைகள். நடுவில் ஒரு பலகையை அடித்து, இந்தப் பக்கம் மூத்தவன் ஆம்ப்ரோஸுக்கு, அந்தப் பக்கம் இளையவன் நோயலுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆம்ப்ரோஸ் சாக்குத் தூக்குவார், கூடை பிரிப்பார், தராசை மட்டும் தொடமாட்டார். நோயல் டெம்போ ஓட்டினான். ஆக, பலகைக்கு இரண்டு பக்கமும் வியாபாரம் பெண்டாட்டிமார் கையில்.

மெட்டில்டா கோலார் தங்கவயலில் பிறந்தவள். தமிழ், கன்னடம், தெலுங்கு, சாயபுமார் பேசுகிற உருது, எதில் கேட்டாலும் அதில் பதில் வரும். முதலியார் அம்மாவிடம் ஒரு பேச்சு, பாயம்மாவிடம் ஒரு பேச்சு. அந்த நாக்கை வைத்தே பிழைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு கர்வம். ரெஜினா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பத்துப் பெண். கல்யாணமாகி வந்து நான்கைந்து வருஷமாகியும் வேண்டும், வேண்டாம் என்கிற 'பேக்கு', 'பேடா' இரண்டைத் தாண்டி அவளுக்குக் கன்னடம் வரவில்லை. ஆனால் அவள் அண்ணன் கரையிலிருந்து அனுப்புகிற நெத்திலியும் வாளையும் வந்தன. சாக்கைப் பிரித்தாலே கடற்கரை மணல் கொஞ்சம் உதிரும்.

அது மட்டும் என்றால் மெட்டில்டா பொறுத்துக்கொண்டிருப்பாள். கிராக்கிகள் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கைராசி.

"அந்த நாகப்பட்டினத்துப் பொண்ணு கைராசிக்காரி. அது அள்ளிப் போட்டா அன்னிக்குக் கொழம்பே வேற" என்று முழங்கால் வீங்கிய ஜெயலட்சுமி அம்மா மெட்டில்டாவின் கடை முன்னால் நின்றுகொண்டே சொல்லுவாள். சொல்லிவிட்டு ஓரடி தள்ளிப்போய் ரெஜினாவிடம் வாங்குவாள்.

"கைராசியாம் கைராசி" என்று மெட்டில்டா வீட்டில் வந்து சோற்றை அறைந்து வைப்பாள். "என் கை என்னா, வெறகுக்கட்டையா? பதினஞ்சு வருசமா இதே கையாலதானே அள்ளிப்போடுறேன்?"

"ரெண்டு கடையும் நம்ம வூட்டுக் கடைதானே மெட்டி" என்பார் ஆம்ப்ரோஸ்.

"நம்ம வூடா? பலகை அடிச்சாச்சு இல்ல? அப்பறம் என்னா நம்ம வூடு?"

இப்படி இருந்த நாளில்தான் கார்ப்பரேஷன்காரர்கள் ஒரு பெரிய கலர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூற்று எட்டாம் வருஷம், தவக்காலம் முடிந்த சமயம். தவக்காலத்தில் கறி தின்னாதவர்கள் எல்லாம் கருவாட்டுக்கு வருவதால் கடைகள் களைத்துப்போய்க் காலியாகக் கிடந்தன. இஞ்சினியர் ஒருவர் படத்தைத் தூணில் சாய்த்துவைத்தார். கண்ணாடிச் சுவர், நாலு மாடி, வாசலில் ஜாடிச் செடி. அதில் சிவந்த நிறத்துப் பெண்கள் கையில் பை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஊர் நடுவில் இவ்வளவு இடத்தை ஓட்டுக் கட்டடமாக வைத்திருக்கக் கூடாது, அதனால் கார்ப்பரேஷனே இடித்துவிட்டுக் கட்டப்போகிறது என்றார் இஞ்சினியர். அடியில் கார் நிறுத்துகிற இடம். ரோட்டைப் பார்த்த பெரிய கடைகள் ஏலத்துக்கு. பழைய கடைக்காரர்கள் யாரையும் கைவிடமாட்டோம், தரைத்தளத்தில் உள்பக்கமும் முதல் மாடியிலும் இடம் உண்டு, மாடிக்கு நகரும் படிக்கட்டு வரும்.

மெட்டில்டா படத்தை உற்றுப் பார்த்தாள். "இதுல இருக்கற பொம்பளைங்க ஒருத்தியும் கருவாடு துன்றவ மாதிரி தெரியலியே!"

கூட்டம் சிரித்தது. முட்டைக்கடை ஓஸ்வால்ட் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்:

"என்னா மேன் சிரிக்கிறீங்க? பில்டர் நம்மள ஏமாத்துனா நாம யார்கிட்ட போவோம்? கார்ப்பரேஷன்கிட்ட. கார்ப்பரேஷனே பில்டர் ஆயிட்டா யார்கிட்ட போவோம்? அதுக்கு ஆன்சர் சொல்லிட்டுச் சிரிங்க."

 சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் குமாஸ்தா கடை கடையாக வந்து கீழே வேண்டுமா மேலே வேண்டுமா என்று கேட்டு எழுதப்போகிறார் என்று தெரிந்தது. மெட்டில்டா சும்மா இருப்பாளா? இஞ்சினியரோடு வந்த டிரைவர் கோலார்க்காரன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தங்கவயல் கதையெல்லாம் பேசி, பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். கீழே உள்பக்கம் இருட்டடிக்கும், கார் புகை வரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் என்று தெரிந்துகொண்டாள். மேலே என்றால் காற்று, வெளிச்சம், நகரும் படிக்கட்டு. கருவாட்டுக்குப் பிராணனே வெயிலும் காற்றும்தானே. மேலேதான் என்று முடிவு கட்டினாள். அதைவிடப் பெரிய யோசனை ஒன்றும் கூடவே இருந்தது. மேலே கருவாட்டுக்கடை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

குமாஸ்தா வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் ரெஜினா கேட்டாள். "அக்கா, நாளைக்கு என்னமோ கேட்டு எழுத வர்றாங்களாமே. அவர் டெம்போ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

மெட்டில்டா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஒனக்கு என்னா தோணுதோ அதச் சொல்லு. நான் ஒண்ணு சொல்லி நாளைக்கு அது சரியில்லன்னா, அக்கா கெடுத்துட்டான்னு பேர் வரும்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

மறுநாள் குமாஸ்தா ரெஜினாவின் கடை முன்னால் நின்று, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு கேட்டார்: "கெளகெ பேக்கா, மேலெ பேக்கா?"

ரெஜினாவுக்கு 'பேக்கா' புரிந்தது. மற்றதும் புரிந்துவிட்டதாகவே அவள் நினைத்தாள். அவள் ஊரில் கிழக்குப் பக்கம் இருக்கிற தெரு கீழத்தெரு, மேற்குப் பக்கம் இருப்பது மேலத்தெரு. வாயில் கிழக்கு என்று யாரும் முழுசாகச் சொல்லுவதில்லை, 'கெளக்க' என்பார்கள். கடலுக்குப் போனவனை 'கெளக்க போயிருக்கான்' என்றுதான் சொல்லுவார்கள். இந்த ஊரில் கடையைக் கட்டுவதற்கு முன்னால் திசை கேட்டுக் கட்டுகிறார்களே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"கெளக்க, சார். கெளக்கதான் பேக்கு!" என்று இரண்டு தரம் சொன்னாள்.

குமாஸ்தா தரைத்தளம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவளே சிரிக்கச் சிரிக்க மெட்டில்டாவிடம் சொன்னாள். "கடை கெளக்கப் பாத்து வேணுமா மேக்கப் பாத்து வேணுமான்னு கேட்டாங்கக்கா. கெளக்கன்னு சொல்லிட்டேன். காலம்பற வெயிலு மூஞ்சியில அடிச்சாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். எங்க ஊருல கெளக்கன்னா கடலு. இங்க கடலு இல்லாட்டியும் வெயிலாவது வரட்டும்."

மெட்டில்டாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்தக் கூத்து இவளைத் தவிர யாருக்கு வாய்க்கும்? கன்னடமே தெரியாதவளாக இருந்தால் விழித்திருப்பாள். தமிழ் தெரியாதவளாக இருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள். 'அடியே, கெளகென்னா கீழடி, ஓடிப்போய் மாத்திக்கோ' என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. கீழே இருட்டு, புகை, ஓதம். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றாள்.

லாயம் இடிந்தது. கடைக்காரர்களை ஏரிப்பக்கத்து மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்காரவைத்தார்கள். வெயில் காலத்தில் உள்ளே ஆளே வேகும். மழைக்காலத்தில் தகரத்தில் விழுகிற சத்தத்தில் கிராக்கி நெத்திலி கேட்டாளா வாளை கேட்டாளா என்றே தெரியாது. ஓதம் ஏறினால் கருவாடு நமத்து, பிசுபிசுத்து, ஓரத்தில் சிவப்பாகப் பூக்க ஆரம்பிக்கும். வானம் வெளுத்த நேரமெல்லாம் மெட்டில்டாவும் ரெஜினாவும் சாக்கை விரித்து, ஒவ்வொரு மீனாகப் புரட்டிப்போட்டு, பூத்ததை உப்புக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கரையிலிருந்த இலுப்பைத் தோப்புக்கு மேலே கறுத்தால், "வருது, வருது" என்று குரல் கொடுப்பார். உடனே இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே சாக்கை உள்ளே இழுப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் அது யார் சாக்கு என்று இருவரும் பார்க்கமாட்டார்கள்.

கட்டடம் மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. தட்டி நீக்கிய அன்று எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். 

கீழே உள்பக்கம் என்று சொன்னார்களே, அந்தப் பக்கம் இப்போது புதிதாக ஒரு ரோடு திறந்து, அங்கே பஸ் நிறுத்தமும் வந்திருந்தது. இறங்குகிற ஜனம் நேராகக் கட்டட வாசலுக்குள்தான் கால் வைக்கவேண்டும். அந்த வாசலை ஒட்டி முதல் கடை ரெஜினாவுக்கு. மெட்டில்டாவுடையது முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டி, மேற்குச் சுவரோரம். நகரும் படிக்கட்டுக்குத் தோண்டின பள்ளத்தைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அதுவரைக்கும் நடந்துதான் ஏறவேண்டும். ஏறினால் முட்டி கழன்றுவிடும்.

"ரெஜினா, யூ ஆர் லக்கி!" என்றார் ஓஸ்வால்ட். "பஸ்ல இருந்து கருவாட்டுமேலதான் எறங்கணும்."

"கைராசிக்காரின்னா சும்மாவா?" என்றாள் ஜெயலட்சுமி அம்மா. "எனக்கும் முட்டி தப்பிச்சுது."

மெட்டில்டா சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சட்டியைப் போட்டு உடைத்தாள். தானாக விழுந்தது என்று சொன்னாள்.

பொறாமை என்றால் இதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை. நாலு பாஷை பேசுகிறவள், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தவள், யோசித்து யோசித்து மாடிக்குப் போனாள். ஒரு பாஷையும் ஒழுங்காகப் பேசத் தெரியாதவள், தப்பாகக் கேட்டு, தப்பாகச் சொல்லி, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். ஆண்டவர் எந்தத் தராசில் நிறுக்கிறார்? மாதா கோயிலில் முழங்காலில் நின்றபோதுகூட அவளால் ஜெபிக்க முடியவில்லை. ரெஜினா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். கீழே ஒரு இடமும் காலி இல்லை, நீங்களே கேட்டு வாங்கின இடம்தானே என்றார்கள். ஆட்சேபணை உள்ளவர்களை விசாரிக்க ஒரு நாள் வைத்திருக்கிறோம், அன்றைக்கு வந்து சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த நாளுக்குள் ரெஜினாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கீழ கெடச்சது சந்தோசந்தான்க்கா. ஆனா பாத்தியளா, கடை வாசலுக்கு முதுகக் காட்டி உள்ளாற மேக்கப் பாத்து இருக்கு. மேல அந்த மாடி நிழலு வேற. வெயிலு எட்டியே பாக்காது. நான் கெளக்கன்னுதானே சொன்னேன்? எழுதுனவரு மறந்துட்டாரு போல."

மெட்டில்டா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நீ கேட்டது கெழக்கதானே?"

"கெளக்கதான்க்கா."

"அப்ப அது அவங்க தப்பு. வெள்ளிக்கிழமை விசாரிக்கறாங்க. நான் வரேன், கன்னடத்துல சொல்லி மாத்தி வாங்கலாம்."

"அவரு வந்துடட்டுமேக்கா. ஊருக்குச் சரக்கெடுக்கப் போனவரு ஞாயித்துக்கிழமை வந்துடுவாரு."

"ஞாயித்துக்கிழமை ஆபீசு யாரு தொறப்பா? வெள்ளிக்கிழமை உட்டா அப்பறம் கெடையாது."

மெட்டில்டாவின் கணக்கு சுலபமானது. இவள் கீழே வேண்டாம் என்று சொல்லட்டும். 'அப்படியானால் என் மாடியை இவளுக்குக் கொடுத்துவிட்டு இவள் இடத்தை எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டுவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். ரெஜினா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆபீசர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டிருந்த வயசானவர். யாரையும் விரட்டாமல் உட்காரச் சொல்லித்தான் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. மெட்டில்டா தன் நல்ல கன்னடத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். இவள் கேட்டது பூர்வ திக்கு. எழுதினது கீழ். நான் மேலே இருக்கிறேன், நாங்கள் ஒரே வீடு, மாற்றிக்கொள்கிறோம்.

ஆபீசர் காகிதத்தைப் புரட்டினார். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள விதி இல்லை என்றார். கீழ்க்கடையை வேண்டாம் என்று இந்த அம்மா விட்டால் அது கார்ப்பரேஷனுக்கே திரும்பிவிடும், ஏலத்துக்குப் போகும். இந்த அம்மாவுக்குக் கிழக்குதான் வேண்டுமானால் மாடியில் கிழக்கு வரிசையில் ஒரு கடை இருக்கிறது.

"அவரிகெ ஏனு பேக்கு, கேளி ஹேளி" என்றார். என்ன வேண்டும் என்று நன்றாகக் கேட்டுச் சொல்லுங்கள், பிறகு மாற்ற முடியாது என்று இன்னொரு தரமும் சொன்னார்.

ஆக, மெட்டில்டாவுக்குக் கீழ்க்கடை இல்லை. எந்த வழியிலும் இல்லை. 'இருக்கட்டும் சார், விடுங்க' என்று சொல்லி எழுந்துவிட்டால் ரெஜினாவுக்காவது இருக்கும். நம் வீட்டுக் கடை என்று ஆம்ப்ரோஸ் சொல்லுவாரே, அந்த வீட்டுக்கு இருக்கும். ஆனால் பஸ் நிறுத்தமும், ஜெயலட்சுமி அம்மாளின் தப்பிச்ச முட்டியும், கைராசி என்ற அந்தப் பாழாய்ப்போன வார்த்தையும் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. தன் மூக்கு அறுந்தாலும் சரி, எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

ரெஜினா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "ஒனக்குக் கெழக்கப் பாத்த கடைதானே வேணும்? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமாக்கா. கெளக்கதான்."

மெட்டில்டா ஆபீசர் பக்கம் திரும்பினாள். "பூர்வ, சார். மேலெ கொடி." கிழக்கு, மேலேயே கொடுங்கள் என்று.

தமிழில் கேட்டதும் உண்மை, கன்னடத்தில் சொன்னதும் உண்மை. நடுவில் இருந்ததுதான் காணாமல் போயிற்று. ரெஜினா காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஆபீசருக்குக் கும்பிடு போட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "கெளக்கப் பாத்த கடை எதுங்கக்கா? வாசலுக்கு அந்தாண்டையா?"

"மேல."

"மேலன்னா?"

"மாடியில. கீழ கெழக்கப் பாத்தது இல்லியாம்."

ரெஜினா நின்றுவிட்டாள்.  புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.  பஸ் தூரத்தில் தெரிந்ததும் ரெஜினா பெருமூச்சு விட்டாள்.

"சரி, விடுங்கக்கா. நீங்க மேலதானே இருக்கிய. தொணையா இருக்கும்."

இந்த ஒரு பதிலை மட்டும் மெட்டில்டா எதிர்பார்க்கவில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால், மனசு ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நோயல் வந்தான். டெம்போவை நிறுத்தினபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, அவளுக்குத்தான் கன்னடம் கொத்தில்ல. ஒங்களுக்கு? கெளகென்னா கீழன்னு ஒங்களுக்குமா தெரியாது?"

"அவ கெழக்கன்னு சொன்னா, நானும் கெழக்கன்னு சொன்னேன். ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லலடா. மாதா மேல சத்தியம்."

"சும்மனே சத்தியம் பண்ணாதீங்க."

"நீங்க சும்மா இருங்க" என்று ரெஜினா குறுக்கே வந்தாள். "நான் கேட்டதத்தான் அக்கா சொன்னாங்க. நான்தான் கேக்கத் தெரியாம கேட்டேன். ஆபீசர் முன்னாடியே நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு கேட்டுட்டுத்தான் சொன்னாங்க."

நோயல் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு வெளியே போனான். அன்று இரண்டு அடுப்பிலும் சமையல் ருசிக்கவில்லை. மெட்டில்டா பரிமாறும்போது ஆம்ப்ரோஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ பண்ணுன சத்தியம் உண்மைதான்னு எனக்குத் தெரியும் மெட்டி. அதான் பயமா இருக்கு."

 அவர் மறுசோறு கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் காம்ப்ளெக்ஸ் திறந்தது. ரிப்பன் வெட்டி, மேளம் அடித்து, இனிப்புக் கொடுத்தார்கள். ரெஜினா விட்டுக்கொடுத்த கீழ்க்கடையில் கண்ணாடிக் கதவு போட்டு ஏ.டி.எம். வைத்தார்கள். உள்ளே ஏ.சி. ஓடியது. வெளியே ஒரு காவல்காரன் ஸ்டூல் போட்டுத் தூங்கினான். மெட்டில்டா மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். தனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. முதல் சில நாட்கள் அந்தக் கண்ணாடியைப் பார்க்க அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

மாடிக்கு ஆள் வரவில்லை. நகரும் படிக்கட்டின் பள்ளத்துமேல் போட்ட பலகையில் யாரோ செருப்புத் தைக்க உட்கார்ந்துவிட்டான். பாதிக் கடைகளுக்கு ஷட்டரே தூக்கவில்லை. மெட்டில்டாவின் கடை மேற்குச் சுவரோரம் காலையெல்லாம் இருண்டு கிடந்தது. டிரைவர் சொன்ன காற்று வந்தது, வெளிச்சம் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஓதம் ஏறி, சுறாக் கருவாட்டின் ஓரத்தில் சிவப்பு பூக்க ஆரம்பித்தது.

ரெஜினாவின் கடை அந்தக் கடைசியில், கிழக்கு வரிசையில். முன்னால் சுவருக்குப் பதில் இரும்புக் கம்பி மட்டும்தான். மழை விட்ட காலைகளில் சூரியன் கம்பி வழியாக நேராக அவள் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் நெத்திலியை விரித்துவிட்டு நிற்பாள். வெயில் ஏற ஏற வாசனை கிளம்பி, கம்பியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் தலையில் இறங்கும். ஜனம் அண்ணாந்து பார்க்கும். பார்த்தவர்களில் சிலர் ஏறியும் வந்தார்கள். வேறு எந்தக் கடைக்கும் ஏறாத படிக்கட்டை ஒரு கருவாட்டு வாசனைக்காக ஏறினார்கள்.

முதல் நாளே ரெஜினா ஓடிவந்து மெட்டில்டாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. ஏரி தெரியுது! மரத்துக்கு அந்தாண்ட தண்ணி எப்படி மின்னுது பாருங்க. எங்க ஊரு மாதிரியே, கெளக்க தண்ணி. நீங்க அன்னிக்கு எடுத்துச் சொல்லலன்னா இது எனக்குக் கெடச்சிருக்குமா? அவருக்கு இன்னும் கோவம். எனக்கு இல்லக்கா. ஒங்க கூடையும் கொண்டாந்து இங்க காய வையுங்க, எடம் கெடக்குது."

"எனக்கு வேணாம்" என்றாள் மெட்டில்டா. "என் கருவாட்டுக்கு நெழலே போதும்."

ஏரிகூட அவளுக்குத்தானா? கீழே இருந்து பிடுங்கி மேலே போட்டால் வெயிலும் தண்ணீரும் காலடியில் வந்து விழுகிறது. அதற்கு நன்றி வேறு சொல்லுகிறாள். மெட்டில்டா அன்றிலிருந்து கிழக்கு வரிசைப் பக்கம் போகவே இல்லை. ரெஜினா தினமும் கூப்பிட்டாள். அவள் தினமும் ஒரு சாக்கு சொன்னாள். கூடையில் சிவப்பு பூத்துக்கொண்டே இருந்தது. துடைத்தாள். மறுநாளும் பூத்தது. ஆம்ப்ரோஸ் கெட்டுப்போனதைப் பொறுக்கிக் கீழே குப்பைக்குக் கொண்டுபோனார். 

ஒருநாள் காலை, மழை வெறித்து வெயில் வந்திருந்தது. படிக்கட்டில் யாரோ கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவருகிற சத்தம் கேட்டது. ஜெயலட்சுமி அம்மா. மெட்டில்டா எழுந்து நின்றாள். இந்த முட்டியோடு ஏறி வந்திருக்கிறாளே, படிக்கட்டை விட்டு வந்தால் முதலில் கண்ணில் படுவது என் கடைதானே என்று அவசரமாகப் புடவையைச் சரிசெய்து, இருக்கிறதில் நல்ல வாளையாக நாலை எடுத்து மேலே அடுக்கினாள்.

ஜெயலட்சுமி அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள். கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் பார்த்தாள்.

"யாரு, மெட்டில்டாவா? நல்லாருக்கியாம்மா? அப்பாடி, என்னா படிக்கட்டு கட்டியிருக்காங்க, பாவிங்க. அந்தக் கைராசிக்காரப் பொண்ணு கடை எங்கம்மா இருக்குது?"

இங்கேதான் என்று சொல்லலாம். அவள் இன்றைக்கு வரவில்லை என்று சொல்லலாம். நாலு பாஷையிலும் சொல்லலாம்.  

"கெழக்க" என்றாள். அந்த வார்த்தையை அவள்தானே ஆபீஸ் வரைக்கும் சுமந்துகொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜெயலட்சுமி அம்மா காலை இழுத்துக்கொண்டு வெயில் தெரிந்த பக்கம் போனாள். "வாங்க வாங்க, இப்படி உக்காருங்க" என்று ரெஜினாவின் குரல் அங்கிருந்து கேட்டது. மெட்டில்டாவுக்கு வயிறு எரிந்தது. சாகிறவரைக்கும் அது எரியத்தான் போகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. குனிந்து கூடையைப் பார்த்தாள். வாளையின் ஓரத்தில் மறுபடியும் சிவந்திருந்தது. முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் கிழக்கே நடந்தாள்.